பெட்டி கேஸ்தானே என்று ஒப்புக்கொள்ளும் முன்: சிறு குற்ற வழக்கு எந்த கோர்ட்டுக்குப் போகும், அங்கே என்ன நடக்கும்?

காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு தாலுகா ஊரின் ஜே.எம். (நீதித்துறை நடுவர்) கோர்ட் வராந்தாவில் போய் நின்று பாருங்கள். ஒரு போலீஸ்காரர் கையில் காகிதக் கட்டோடு பத்துப் பதினைந்து பேரை ஓரமாக நிறுத்திப் பெயர் சரிபார்த்துக்கொண்டிருப்பார். குடித்துவிட்டு ரோட்டில் சத்தம் போட்டவர், காசு வைத்துச் சீட்டாடியவர்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சலாகத் தள்ளுவண்டி நிறுத்தியவர். உள்ளேயிருந்து டவாலி பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகப் போய்க் கைகட்டி நிற்பார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" "ஒத்துக்கிறேன் ஐயா." அபராதத் தொகையைச் சொல்வார்கள். அடுத்த பெயர். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளியே வந்து பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு குற்றவியல் தண்டனைத் தீர்ப்பு. பலருக்கு இது தெரியாது. ஃபைன் கட்டினால் கேஸ் 'முடிந்துவிட்டது' என்று நினைக்கிறார்கள். முடிந்ததென்னவோ உண்மைதான், குற்றவாளி என்ற தீர்ப்போடு முடிந்திருக்கிறது. சில வருடம் கழித்து அதே ஆள் போலீஸ் வேலைக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அந்த மடித்த ரசீதின் அர்த்தம் புரிகிறது.

எனவே வழக்கு எந்த வகை, எந்த கோர்ட்டுக்கு அதிகாரம், எந்த இடத்தில் என்ன வாய்ப்பு இருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டன. பிரிவு எண்கள் எல்லாம் மாறியிருப்பதால் புதிய எண்களையே தருகிறேன். கோர்ட்டில் இன்னமும் பாதிப் பேர் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். தேவையான இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் கேஸ் எந்த வகை?

'பெட்டி கேஸ்' என்று ஊரில் சொல்வது ஒரே பொருள் இல்லை. குறைந்தது நான்கு விதமான விஷயங்களை அந்த ஒரு பெயரில் அழைக்கிறோம். குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் சலான் வருகிறது. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்கீழ் இணக்கக் கட்டணம் செலுத்தி முடிப்பது. பணம் கட்டிவிட்டால் மேல்நடவடிக்கை கிடையாது, கோர்ட்டுக்குப் போகாது, தண்டனைத் தீர்ப்பும் இல்லை. ஆனால் அதே ரோட்டில் அதே போலீஸ் பிடித்தாலும், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய 185-ஆம் பிரிவு வழக்கை இப்படிக் கட்டணம் கட்டி முடிக்க முடியாது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைக் கோர்ட்தான் விதிக்க வேண்டும். இரண்டையும் 'டிராஃபிக் ஃபைன்' என்று ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, சட்டமே 'சிறு குற்றம்' என்று சொல்வது. பி.என்.எஸ்.எஸ். 229-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்கள் இவை. மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்கள் இதில் சேராது. பொது வழியை மறித்தல் (பி.என்.எஸ். 285) ஒரு நல்ல உதாரணம்.

மூன்றாவது, சுருக்க விசாரணைக்கு உரிய வழக்குகள். 20,000 ரூபாய்க்கு மேற்படாத பொருளைத் திருடியது, வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்கு இழுத்தது, மிரட்டியது போன்றவை பி.என்.எஸ்.எஸ். 283-ஆம் பிரிவின்படி இந்த முறையில்தான் நடக்க வேண்டும். பழைய சட்டத்தில் திருட்டுக்கான வரம்பு வெறும் 2,000 ரூபாய். மூன்று வருடம் வரை தண்டனை உள்ள வேறு குற்றங்களையும், எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, காரணத்தை எழுதி வைத்துவிட்டு, நடுவர் இதே முறையில் விசாரிக்கலாம். இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. சுருக்க விசாரணையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது.

நான்காவது, இரண்டு வருடம் வரை மட்டுமே தண்டனை உள்ள 'சம்மன் கேஸ்'. முழு விசாரணைதான், ஆனால் நடைமுறை எளிது.

உங்கள் காகிதத்தில் வழக்கு எண்ணைப் பாருங்கள். எஸ்.டி.சி. என்று இருந்தால் சுருக்க விசாரணை வழக்கு. சி.சி. என்று இருந்தால் வழக்கமான வழக்கு. பி.ஆர்.சி. என்று இருந்தால் அது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகப்போகிற பெரிய வழக்கு. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது, உடனே வக்கீலைப் பாருங்கள்.

இரண்டாம் படி: எந்தப் படிநிலை கோர்ட்?

நடுவர்களின் தண்டனை அதிகாரத்தை பி.என்.எஸ்.எஸ். 23-ஆம் பிரிவு வரையறுக்கிறது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர், அதாவது நாம் ஜே.எம். என்று சொல்பவர், மூன்று வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் அபராத வரம்பு 10,000. இரண்டாம் வகுப்பு நடுவருக்கு ஒரு வருடம், 10,000 ரூபாய். தலைமை நீதித்துறை நடுவருக்கு (சி.ஜே.எம்.) ஏழு வருடம் வரை. ஜே.எம். ஒரு வழக்கை விசாரித்துவிட்டுத் தன் அதிகாரத்துக்குள் அடங்கும் தண்டனை போதாது என்று கருதினால், அதை சி.ஜே.எம்.முக்கு அனுப்பிவைப்பார்.

சின்ன தாலுகாக்களில் தனியாக ஜே.எம். கோர்ட் இருக்காது. 'மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம்' என்று நீளமாகப் பலகை தொங்கும். ஊரில் முன்சீப் கோர்ட் என்பார்கள். காலையில் பாகப்பிரிவினை வழக்கு கேட்ட அதே நீதிபதிதான் மதியம் அடிதடி வழக்கையும் கேட்பார். சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் இருந்தவர்களைப் பெருநகர நடுவர் என்று அழைத்துவந்தோம். புதிய சட்டம் அந்த வகையையே எடுத்துவிட்டது, அதிகாரம் முதல் வகுப்பு நடுவரின் அதிகாரம்தான்.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் இருந்து வரும் நோட்டீஸ் இதில் சேராது. 'அமைதியைக் குலைக்க மாட்டேன்' என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது (பழைய 107, இப்போது 126) நிர்வாக நடுவரின் வேலை. அது தண்டனை கிடையாது. தமிழ்நாட்டில் இந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பிடிக்கிற கையே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அந்த அரசாணைகளைச் செல்லாது என்று அறிவித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன், ஏனென்றால் 'உள்ளூரிலேயே பேசித் தண்டித்துவிடலாம்' என்று ஏங்குபவர்கள் இன்னும் நிறைய. மதராஸ் மாகாணத்தில் 1816-இன் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், வசைச் சொல், சின்ன அடிதடி போன்றவற்றுக்குக் கிராமத் தலைவரையே தண்டிக்க விட்டது. குற்றம் செய்தவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். ஆனால் 'கீழ்ச்சாதி' என்று அது குறிப்பிட்ட மக்களை ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில், அதாவது காலைப் பூட்டும் மரக்கட்டையில், மாட்டலாம். ஒரே குற்றத்துக்குச் சாதி பார்த்துத் தண்டனை, அதுவும் சட்டப் புத்தகத்திலேயே. அந்த மரபில் வந்த கிராம முன்சீப் பதவி தமிழ்நாட்டில் 1980-இல்தான் ஒழிந்தது. இன்று ஜே.எம். கோர்ட் தூரமாக இருக்கலாம், வாய்தா வாய்தாவாக இழுக்கலாம். ஆனாலும் கூண்டில் நிற்பவரின் சாதிக்குத் தக்கபடி தண்டனையை மாற்ற எந்தப் பிரிவும் அங்கே கிடையாது. பஞ்சாயத்தில் அபராதம் போட்டு, காலில் விழவைத்துத் தீர்க்க எவருக்கும் அதிகாரம் இல்லை. அப்படிச் செய்வதே தனிக் குற்றம் ஆகலாம்.

மூன்றாம் படி: எந்த ஊர் கோர்ட்?

குற்றம் எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட். பி.என்.எஸ்.எஸ். 197-ஆம் பிரிவின் பொது விதி இவ்வளவுதான். அதாவது எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தது, அந்த நிலையம் எந்த ஜே.எம். கோர்ட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புகார் கொடுப்பவரின் ஊர், எதிரியின் ஊர் இரண்டும் கணக்கில் வராது.

விதிவிலக்குகளில் அன்றாடம் பயன்படுவது மூன்று. பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து எழும்பூர் வரும்போது பை திருடு போனால், எந்த ஸ்டேஷனில் போனது என்று யாருக்குத் தெரியும்? பயணத்தின்போது நடந்த குற்றத்தை, பயணம் கடந்துவந்த எந்த எல்லையின் கோர்ட்டும் விசாரிக்கலாம். திருட்டு வழக்கென்றால், திருடிய இடத்தில் மட்டுமில்லாமல் அந்தப் பொருளை வைத்திருந்த இடத்திலும் வழக்கு நடக்கலாம். அப்புறம், வாட்ஸ்அப்பிலோ போனிலோ சொல்லி ஏமாற்றினால், செய்தி அனுப்பிய இடம், வந்து சேர்ந்த இடம் இரண்டுக்கும் அதிகாரம் உண்டு.

"இது எங்க லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினால், 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். புகாரை ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

நான்காம் படி: போலீஸ் ஸ்டேஷனில்

இதுதான் மிகவும் முக்கியமான படி, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். உதாரணமாக, பைக் நிறுத்துவதில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டி, கன்னத்தில் ஓங்கி அறைந்து, "இன்னொரு தடவ வண்டிய இங்க பார்த்தேன், உடைச்சிடுவேன்" என்கிறார். அடிபட்டவருக்கு உதடு கிழிந்து ரத்தம்.

அடிபட்டவர் முதலில் போக வேண்டியது அரசு மருத்துவமனை. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். யார், எதனால், எத்தனை மணிக்கு அடித்தார் என்று நீங்கள் சொல்வது அதில் அப்படியே ஏறும். "தெரியாத நபர்" என்று அங்கே சொல்லிவிட்டு ஸ்டேஷனில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். வாயில் அடி என்றால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் பெயர்ந்திருந்தாலும் அது 'கொடுங்காயம்' ஆகிவிடும். ஒரு வருட தண்டனைக் குற்றம் ஏழு வருட தண்டனைக் குற்றமாக மாறும்.

இப்போது புகார். சாதாரணக் காயம் (பி.என்.எஸ். 115(2), பழைய 323) என்பது போலீஸ் தானாகப் புலனாய்வு செய்ய முடியாத குற்றம். மிரட்டலும் (351(2), பழைய 506) அப்படித்தான். ஆனால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது (296, பழைய 294(பி)) போலீஸ் தானாகவே எடுத்துக்கொள்ளக்கூடிய குற்றம். பி.என்.எஸ்.எஸ். 174-ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது: பல குற்றங்கள் சேர்ந்த வழக்கில் ஒன்றே ஒன்று அப்படிப்பட்ட குற்றமாக இருந்தாலும் மொத்த வழக்கையும் போலீஸ் விசாரிக்கலாம். தமிழ்நாட்டு அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் 294(பி), 323, 506 என்ற மூன்றும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி எப்போதும் சேர்ந்தே வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதில் இரண்டு பக்கத்துக்கும் சிக்கல் உண்டு. திட்டினாலே 294(பி) ஆகிவிடாது. என்ன வார்த்தை சொன்னார், அது சட்டத்தின் பார்வையில் ஆபாசமா, பொது இடமா, கேட்டவருக்கு எரிச்சலூட்டியதா என்பதெல்லாம் நிரூபிக்கப்பட வேண்டும். வெறும் வசைச் சொல் இந்தப் பிரிவுக்குப் போதாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. புகார் எழுதுபவர் கூச்சப்பட்டு 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று மட்டும் எழுதினால் அந்தப் பிரிவு நிற்காது. இன்னொரு சிக்கலைச் சமரசம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடாமல் மனு ரசீது மட்டும் தருகிறார்களா? அது சி.எஸ்.ஆர். அந்த எண்ணை வாங்காமல் நகராதீர்கள், ஆனால் அதுவே வழக்கு என்று நினைத்து உட்காரவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றத்துக்குப் போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் ஜே.எம். கோர்ட்டில் 175(3)-இன்கீழ் உறுதிமொழிப் பத்திரத்துடன் மனுப் போடலாம். போலீஸ் எடுக்க முடியாத குற்றம் என்றால் இரண்டு வழி: நடுவரின் உத்தரவு வாங்கிப் போலீஸை விசாரிக்கச் சொல்வது, அல்லது 223-ஆம் பிரிவின்கீழ் நீங்களே தனிநபர் புகார் தாக்கல் செய்வது. தனிநபர் புகாரில் எதிரிக்குச் சொல்ல வாய்ப்புத் தராமல் கோர்ட் வழக்கை எடுக்கக் கூடாது என்பது புதிய சட்டம் சேர்த்தது. நீங்கள் விசாரணை நாளில் வராமல் போனால், 30 நாள் அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டு எதிரியை விடுதலை செய்துவிடுவார்கள்.

திருட்டில் ஒரு புதுமை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடிய வழக்கு இப்போது போலீஸ் தானாக எடுக்க முடியாத குற்றங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. பழைய செல்போனைப் பறிகொடுத்த கூலித் தொழிலாளிக்கு அது ஒரு மாத அரிசிக் காசு. அவரை ஸ்டேஷனில் 'இது எங்க கையில் இல்லை' என்று சொல்லி அனுப்பச் சட்டமே வழிசெய்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொருளின் மதிப்புக்கு ஆதாரமாகப் பில் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: கைதும் ஜாமீனும்

சிறு குற்றங்களில் பெரும்பாலானவை ஜாமீனில் விடத்தக்கவை. மேலே சொன்ன உதாரணத்தில் வந்த மூன்று பிரிவுகளும் அப்படித்தான். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஜாமீன் என்பது உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, ஸ்டேஷனிலேயே தர வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழை ஒருவர் ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், அவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் (478). மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனைக் குற்றத்தில், 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி.யின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது (35(7)). இதைப் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

18 வயது ஆகாத பிள்ளை என்றால் ஜே.எம். கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை. இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பையனின் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ முதல் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆறாம் படி: காலாவதி ஆகிவிட்டதா?

சிறு வழக்குகளுக்கு ஆயுள் உண்டு. அபராதம் மட்டும் தண்டனை என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் வரை சிறை என்றால் ஒரு வருடம், ஒன்றுக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் மூன்று வருடம் (514, பழைய 468). பல பிரிவுகள் சேர்ந்திருந்தால் பெரிய தண்டனை உள்ள பிரிவை வைத்துக் கணக்கிட வேண்டும். நம் உதாரணத்தில் மிரட்டலுக்கு இரண்டு வருடம் வரை சிறை என்பதால், காலக்கெடு மூன்று வருடம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் மன்னிக்கலாம்.

புதிய சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியையோ தனிநபர் புகார் தாக்கலான தேதியையோதான் பார்ப்பார்கள். எனவே 'குற்றப்பத்திரிகை லேட்டாக வந்தது' என்ற பழைய வாதம் புதிய வழக்குகளில் எடுபடுவது கடினம். 2024 ஜூலைக்கு முந்தைய எஃப்.ஐ.ஆர். என்றால் கணக்கு வேறாக இருக்கலாம், தேதிகளை எழுதிக்கொண்டு போய் வக்கீலிடம் காட்டுங்கள்.

ஏழாம் படி: கோர்ட்டில் அந்த ஒரு நிமிடம்

சம்மன் வந்ததும் முதலில் பிரிவு எண், வழக்கு எண், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்கென்று உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்டு வரும். 200 ரூபாய் அபராதத்தில் முடிந்திருக்கும் வழக்கில் வாரண்டு வந்து கைதாகி நின்றவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

229-இன்கீழ் வரும் சிறு குற்றமாக இருந்தால் நேரில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதமும் சம்மனில் குறித்த அபராதமும் தபாலிலோ ஆள் மூலமோ அனுப்பலாம், வக்கீல் மூலமாகவும் சொல்லலாம். வசதிதான். ஆனால் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான்.

நேரில் போனால் நடுவர் உங்கள்மீதான குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். கேட்பது புரியவில்லை என்றால் "ஐயா, என்ன பிரிவு, என்ன குற்றம் என்று சொல்லுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. குற்றச்சாட்டில் அடிப்படையே இல்லை என்று நடுவருக்குத் தோன்றினால் அந்த நிலையிலேயே விடுவிக்க இப்போது 274-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. கூட வந்த போலீஸ்காரர் "ஒத்துக்கோ, சீக்கிரம் போயிடலாம்" என்று சொல்வது உங்களைச் சீக்கிரம் அனுப்பும் நல்லெண்ணத்தில் இருக்கலாம். ஆனாலும் அவர் உங்கள் வக்கீல் கிடையாது.

நிஜமாகவே தப்புச் செய்தீர்கள், சின்ன விஷயம், அரசு வேலைத் திட்டமும் இல்லை என்றால் ஒப்புக்கொண்டு முடிப்பதில் தவறில்லை. செய்யவே இல்லை என்றால், "நான் செய்யவில்லை ஐயா, வழக்கை நடத்துகிறேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

எட்டாம் படி: ராஜி (சமரசம்), எச்சரிக்கை, சமூக சேவை

ராஜி ஆவதென்றால், சாதாரணக் காயம், மிரட்டல், வழிமறித்தல் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவரே ராஜி செய்துகொள்ளலாம் (359). ராஜி ஆனால் விடுதலைதான், தண்டனை இல்லை. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நடக்கும் நாளில் இது வேகமாக முடியும். ஆனால் நான் முன்பு சொன்ன இன்னொரு சிக்கல் இங்கேதான் வருகிறது. ஆபாசமாகத் திட்டிய 296-ஆம் பிரிவு ராஜிப் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டாலும் அந்த ஒரு பிரிவு தொங்கிக்கொண்டிருக்கும். அதை நீக்க உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டியிருக்கும். எஃப்.ஐ.ஆர். வெற்றுப் பழக்கத்தில் எழுதப்பட்டதற்கு இரண்டு குடும்பங்களும் சென்னை வரை செலவு செய்கின்றன. புகார் எழுதும்போதே நடந்ததை மட்டும் எழுதினால் இந்த அலைச்சல் மிச்சம்.

குற்றம் நிரூபணமானாலும், ஒப்புக்கொண்டாலும்கூட, ஒரு வழி இருக்கிறது. அதை கோர்ட்டில் கேட்பவர்கள் குறைவு. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 3-ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாத ஒருவரைத் திருட்டு போன்ற குற்றங்களிலும், தண்டனைச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களிலும் கண்டித்து எச்சரித்து விட்டுவிடலாம். 4-ஆம் பிரிவின்படி நன்னடத்தைப் பிணையில் விடலாம். இதன் உண்மையான பலன் 12-ஆம் பிரிவில் இருக்கிறது: இப்படி விடப்பட்டவருக்கு, அந்தத் தண்டனைத் தீர்ப்பினால் சட்டப்படி வரக்கூடிய தகுதியிழப்பு வராது. இருபது வயதுப் பையன் ஒருவன் ஒரு சின்னத் தப்பில் நிற்கிறான் என்றால், அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட இந்தப் பிரிவுகளைக் கேட்பது ஆயிரம் மடங்கு மேல். வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பரபரப்பான காலை நேரத்தில் யாருக்கும் நினைவு வராது.

சமூக சேவை இப்போது ஒரு தண்டனையாகவே வந்திருக்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொந்தரவு செய்வது (355), அவதூறு (356), 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் (303) என ஆறு குற்றங்களுக்கு பி.என்.எஸ். இதை அனுமதிக்கிறது. சம்பளம் இல்லாத பொதுப்பணி. இதுவும் குற்றவாளி என்ற தீர்ப்புக்குப் பிறகுதான் என்பதை மறக்க வேண்டாம்.

அபராதத்தை உடனே கட்ட முடியாவிட்டால் 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ கேட்கலாம். கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பில் எழுதியிருக்கும், அதனால் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

ஜே.எம். கோர்ட்டின் தண்டனைக்கு எதிராக 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முதல் வகுப்பு நடுவர் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தாலோ, சுருக்க விசாரணையில் 200 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தாலோ மேல்முறையீடு கிடையாது, சீராய்வு மனுதான். குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால் 'நான் குற்றவாளி இல்லை' என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டுமே வாதிடலாம். கைகட்டி நின்ற அந்த ஒரு நிமிடம் எவ்வளவு கனமானது என்பது இந்த இடத்தில்தான் தெரியும்.

பாஸ்போர்ட் விஷயத்தில், வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த கோர்ட்டிலேயே வெளிநாடு செல்ல அனுமதி மனுப் போட்டு உத்தரவு வாங்கிக் கொடுக்கலாம்.

வேலை விண்ணப்பத்தில் 'எப்போதாவது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். தமிழ்நாடு காவல் துறைத் தேர்வில் இது மிகக் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் நியமனத்துக்குத் தகுதியற்றவராகக் கருதலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-இல் சொல்லியிருக்கிறது. மற்ற வேலைகளில் கொஞ்சம் இடம் உண்டு. சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்குகளை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. மறைத்து எழுதிப் பின்னால் மாட்டினால், வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றச்சாட்டாக நிற்கும்.

அதனால் வழக்கு எப்படி முடிந்தாலும், விடுதலையோ ராஜியோ எச்சரிக்கையோ அபராதமோ, தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே நகல் பிரிவில் மனுப் போடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் கட்டுகளைத் தேடி எடுப்பதற்குள் வேலைக்கான கடைசித் தேதி போய்விடும். நகல் வந்ததும் ரேஷன் கார்டு, பத்திரம் வைத்திருக்கும் அதே ஃபைலில் சேர்த்து வையுங்கள், ரசீதோடு.